குழந்தையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்

கேள்வி: எனக்கு 31 வயது, கணவருக்கு 35. சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். கல்யாணமாகி மூன்று வருடமாக பெங்களூரு விவேக் நகரில் இருக்கிறோம். கல்லூரி கடைசி வருடத்தில் எனக்கு மனநலப் பிரச்சினை வந்தது. எல்லோரும் என்னைப் பற்றியே பேசுவதுபோலத் தோன்றும், காதில் குரல் கேட்கும். அப்போதிருந்து ரிஸ்பெரிடோன் சாப்பிடுகிறேன், இப்போது 4 மில்லிகிராம். பல வருடங்களாக நன்றாக இருக்கிறேன், வேலைக்கும் போகிறேன். ஆனால் பீரியட்ஸ் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது. சில நேரம் மார்பில் பால் போலக் கசிகிறது. வாயுத் தொல்லைக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடுவேன். கணவர் பதற்றத்துக்காக ஒன்றரை வருடமாகப் பராக்ஸெட்டின் சாப்பிடுகிறார். அவருக்கு விந்து வெளியேறுவது பெரும் சிரமமாக இருக்கிறது. குழந்தையின்மை சிகிச்சை மையத்தில் சாம்பிள் கொடுக்க முடியாமல் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டார். எனக்கு ப்ரோலாக்டின் 96 என்று வந்திருக்கிறது. கேபர்கோலின் எழுதிக் கொடுத்து, பலன் இல்லையென்றால் ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) போகலாம் என்றார்கள். மாமியார் கூடவே இருந்ததால் மனநல மாத்திரை விஷயத்தை அங்கே சொல்லவில்லை. கேபர்கோலினை இன்னும் ஆரம்பிக்கவில்லை. ரிஸ்பெரிடோனை நிறுத்தினால் குழந்தை உண்டாகுமா? குழந்தைக்கும் இந்த நோய் வருமா?
— பெயர் வெளியிட வேண்டாம், பெங்களூரு

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் கேபர்கோலின் விஷயம். அந்த அட்டையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். உங்கள் மனநல மருத்துவரிடம் பேசும்வரை ஒரு மாத்திரைகூடப் போட வேண்டாம். அதேபோல ரிஸ்பெரிடோனையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த இரண்டையும் சொல்லிவிட்டால் மீதியை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பீரியட்ஸ் தள்ளிப் போவது, மார்பில் கசிவது, கரு உண்டாகாமல் இருப்பது மூன்றுக்குமே ரிஸ்பெரிடோன் காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. உங்கள் கணவரின் சிரமத்துக்குப் பராக்ஸெட்டின். இரண்டுமே பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. ஐ.வி.எஃப். வரை போக வேண்டிய தேவையே வராமல் போகலாம். ஆனால் ‘மாத்திரைதானே காரணம், விட்டுவிட்டால் ஆச்சு’ என்று நீங்களாகக் கிளம்பினால் காரியம் கெட்டுவிடும்.

மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சிறிய சுரப்பி இருக்கிறது. ப்ரோலாக்டின் என்ற ஹார்மோன் அங்கேதான் சுரக்கிறது. அளவுக்கு மேல் சுரக்காமல் அதை அடக்கி வைத்திருப்பது டோபமின் என்ற ரசாயனம். ரிஸ்பெரிடோன் டோபமினின் வேலையைத் தடுக்கும் மருந்து. மூளையில் தடுப்பதால்தான் உங்களுக்குக் குரல்கள் அடங்கின. பிட்யூட்டரியிலும் அது அதே வேலையைச் செய்துவிடுவதால் ப்ரோலாக்டின் ஏறுகிறது. அது ஏறிய உடம்பு, கையில் குழந்தை இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. பால் கொடுக்கும் தாய்க்குச் சில மாதங்கள் மாதவிலக்கு வராது என்பது நம் பாட்டிமார் அறிந்த விஷயம்தானே? அதே ஏற்பாடுதான் இங்கேயும் நடக்கிறது. கருப்பையையும் முட்டையையும் இயக்கும் ஹார்மோன்கள் தணிந்து, முட்டை வெளிவருவது நின்றுவிடுகிறது. உங்கள் கருப்பையில் குறை இருக்கிறது என்று இதற்கு அர்த்தம் கிடையாது.

இப்போது கேபர்கோலினை ஏன் தொடாதீர்கள் என்றேன் என்பது புரியும். அது டோபமின் போலவே வேலை செய்யும் மருந்து. ப்ரோலாக்டினை வேகமாக இறக்கும், உண்மைதான். ஆனால் ரிஸ்பெரிடோன் ஒரு பக்கம் இழுக்க, இது எதிர்ப்பக்கம் இழுக்கும். பழைய குரல்களும் சந்தேகங்களும் திரும்பி வரும் ஆபத்து உண்டு. எழுதிக் கொடுத்த டாக்டரைக் குறை சொல்ல முடியாது. வேறு எந்த மாத்திரையும் சாப்பிடாத ஒரு பெண்ணுக்கு ப்ரோலாக்டின் 96 என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். அப்படிப்பட்ட பெண்ணுக்கு அது சரியான மருந்துதான்.

96 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். கர்ப்பமோ பாலூட்டலோ இல்லாத பெண்ணுக்குப் பொதுவாக 25-க்குள் இருக்க வேண்டும். ரிஸ்பெரிடோன் சாப்பிடும் பெண்களுக்கு 100-ஐத் தாண்டிப் போவதும் உண்டு. இருந்தாலும் மாத்திரை மீது பழியைப் போட்டுவிட்டு மற்றதைப் பார்க்காமல் விடக்கூடாது. தைராய்டு குறைவாக இருந்தாலும் ப்ரோலாக்டின் ஏறும், ஆகவே டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையையும் பார்க்க வேண்டும். பீரியட்ஸ் தள்ளிப்போவதை நீங்கள் பழகிப்போன விஷயமாக எடுத்துக்கொள்வீர்கள். ஆனாலும் கர்ப்பப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். விடாத தலைவலி, பக்கவாட்டில் பார்வை மங்குவது, மருந்தை மாற்றிய பிறகும் எண் இறங்காமல் நிற்பது என்று ஏதாவது இருந்தால் பிட்யூட்டரியில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள். மறுபடி ரத்தம் கொடுக்கும்போது காலையில் எழுந்து இரண்டு மணி நேரம் கழித்து, வெறும் வயிற்றில், சற்று உட்கார்ந்து ஆசுவாசப்படுத்திக்கொண்டு கொடுங்கள். தூக்கமும் பதற்றமும்கூட இந்த ஹார்மோனை ஏற்றிவிடும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வாயு மாத்திரைதான் என் கண்ணில் முதலில் பட்டது. அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பேன்டோபிரசோல், ரேபெபிரசோல் என்ற பெயரோடு கூடவே ‘லெவோசல்பிரைட்’ என்றோ ‘டாம்பெரிடோன்’ என்றோ இருக்கிறதா? ஊரெல்லாம் பெப்பர்மின்ட் மாதிரி வாங்கிப் போடும் பேன்-டி மாத்திரையில் உள்ள ‘டி’ டாம்பெரிடோனைத்தான் குறிக்கிறது. இவை இரண்டுமே ப்ரோலாக்டினை ஏற்றும். லெவோசல்பிரைட் நன்றாகவே ஏற்றும். அது ரிஸ்பெரிடோனுக்கு ஒன்றுவிட்ட தம்பி போன்றது, வயிற்றுக்கென்று விற்றாலும் தடுப்பது அதே டோபமினைத்தான். ஏற்கெனவே ஏறியிருக்கும் இடத்தில் இதுவும் சேர்ந்தால் சும்மா இருக்குமா? இதை மட்டும் நீங்களே இன்றைக்கே நிறுத்தலாம். அமிலத் தொல்லை நிஜமாகவே இருந்தால் கூட்டு இல்லாத தனி மாத்திரையாக டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். மனநல மருந்து எதுவுமே சாப்பிடாமல், இந்த ஒரு வயிற்று மாத்திரையாலேயே பீரியட்ஸ் நின்று அலைபவர்களும் உண்டு.

சரி, ரிஸ்பெரிடோனை என்ன செய்வது? உங்கள் மனநல மருத்துவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பல வருடமாக நீங்கள் நிலையாக இருப்பதால் அளவை மெல்லக் குறைத்துப் பார்க்கலாம், ஆனால் குறைந்த அளவிலும் ரிஸ்பெரிடோன் ப்ரோலாக்டினை ஏற்றத்தான் செய்யும் என்பதால் இது மட்டும் போதாமல் போகலாம். அல்லது ப்ரோலாக்டினை அவ்வளவாகத் தொடாத அரிப்பிப்ரசோல், குவெட்டியாபின் போன்ற மருந்துக்கு முழுக்க மாற்றலாம். மூன்றாவதாக, ரிஸ்பெரிடோனை அப்படியே வைத்துக்கொண்டு 5 மில்லிகிராம் போன்ற சிறிய அளவில் அரிப்பிப்ரசோலைக் கூடச் சேர்க்கலாம். அரிப்பிப்ரசோல் டோபமினை முழுக்கத் தடுக்காமல் பாதி திறந்துவிடுவது, அதனால் ப்ரோலாக்டின் இறங்கிவிடும். கேபர்கோலின் செய்யும் வேலையை மனநிலையைக் கெடுக்கும் பயம் மிகக் குறைவாக இருக்கும் விதத்தில் செய்கிறது.

உங்களைப் போல ஒரே மருந்தில் வருடக்கணக்காக நன்றாக இருப்பவரிடம் நான் பெரும்பாலும் மூன்றாவது வழியில்தான் தொடங்குவேன். உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் மருந்தைக் கையிலிருந்து விடாமலே பீரியட்ஸ் திரும்புகிறதா என்று பார்த்துவிடலாம். திரும்பிய பிறகு, இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று யோசிக்கலாம். உங்கள் மருத்துவர் உங்கள் பழைய ஃபைலைப் பார்த்து வேறு முடிவு எடுத்தால் அவர் சொல்வதுதான் சரி, நான் உங்களைப் பார்த்ததில்லை. அரிப்பிப்ரசோல் ஆரம்பித்த முதல் வாரங்களில் சிலருக்கு உட்கார முடியாமல் கால் பரபரக்கும், தூக்கம் குறையும். அப்படி வந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காமல் உடனே சொல்லுங்கள்.

இதில் பலர் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. ப்ரோலாக்டின் இறங்கியதும், பீரியட்ஸ் திரும்புவதற்கு முன்பே முட்டை வெளிவரும். அதாவது ‘இன்னும் பீரியட்ஸே வரவில்லை, எங்கே உண்டாகப் போகிறது’ என்று இருக்கும்போதே கர்ப்பம் ஆகிவிடலாம். நாள் தள்ளிப் போவது உங்களுக்குப் புதிது இல்லை என்பதால் தெரிவதற்கே மூன்று மாதம் ஆகிவிடும். மருந்து மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது, மனநிலை எப்படி இருக்கும் என்று தெரியாத நேரத்தில் அது வேண்டாம். சில மாதங்கள் ஆணுறை பயன்படுத்திக்கொண்டு, புதிய மருந்தில் நீங்கள் நிலையாக இருக்கிறீர்கள் என்று உறுதியான பிறகு முயற்சி செய்யுங்கள். குழந்தைக்காகக் காத்திருக்கும் வீட்டில் ஆணுறை என்றால் கேட்பதற்கு விநோதமாக இருக்கும், தெரியும். 31 வயதில் இந்தச் சில மாதங்கள் பெரிய இழப்பு இல்லை.

குழந்தையே வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்திருந்தாலும் இந்த ப்ரோலாக்டினைச் சரிசெய்யத்தான் சொல்லியிருப்பேன். மாதக்கணக்கில் பீரியட்ஸ் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் குறைந்தே இருந்தால் எலும்பு வலுவிழக்கும். ஆசை குறைவது, உறவின்போது வறட்சி, வலி இவையும் அதனால் வருபவைதான்.

நிறுத்தவே கூடாதா என்று கேட்பீர்கள். திடீரென்று நிறுத்தியவர்களில் நோய் திரும்பி வருவது மிகவும் அதிகம், அது நிறுத்திய மறுநாளே வராது. சில வாரம், சில மாதம் எல்லாம் நன்றாகவே இருக்கும். ‘பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை’ என்ற தைரியம் வரும். அதற்குள் கர்ப்பமும் ஆகியிருக்கும். நான்காவது, ஐந்தாவது மாதத்தில் குரல்கள் திரும்பினால் அப்போது அதிக அளவில், ஒன்றுக்கு இரண்டாக மருந்து கொடுக்க வேண்டி வரும். சாப்பாடு, தூக்கம், செக்கப் எல்லாம் குலையும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அளவோடு எடுக்கும் ஒரு மாத்திரையைவிட அதுதான் கெடுதல். ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், அரிப்பிப்ரசோல் எல்லாம் கர்ப்ப காலத்தில் பல பெண்கள் எடுத்துக்கொண்ட மருந்துகள். பிறவிக் குறைபாட்டை இவை பெரிதாகக் கூட்டுவதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் ரிஸ்பெரிடோனுக்கு மட்டும் மிகச் சிறிய கூடுதல் தென்பட்டது. முன்கூட்டியே திட்டமிட நேரம் இருப்பதால் உங்கள் மருத்துவர் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். குவெட்டியாபின் எடைகூட்டும், கர்ப்ப கால சர்க்கரையும் வரலாம், எனவே சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை முயற்சி தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். எவ்வளவு என்று உங்கள் மகப்பேறு மருத்துவர் சொல்வார்.

இனி உங்கள் கணவர். அவரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. பக்கத்து அறையில் ஆட்கள் பேசும் சத்தம் கேட்க, கையில் ஒரு டப்பாவோடு ஒரு சின்ன அறையில் நிற்பது பதற்றம் இல்லாத ஆளுக்கே கஷ்டம். அவருக்குப் பதற்ற நோய் வேறு, மாத்திரை வேறு. பராக்ஸெட்டின் விந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், சிலருக்கு முழுக்கத் தடுத்தே விடும். எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற வகையில் உள்ள மருந்துகள் எல்லாம் ஓரளவு இதைச் செய்பவை. அவற்றில் பராக்ஸெட்டின் முன்வரிசையில் நிற்கிறது. விந்து சீக்கிரம் வெளியேறிவிடுகிறது என்று வரும் ஆண்களுக்கு இதே விளைவை நம்பித்தான் இந்த மாத்திரையையே எழுதுகிறோம் என்றால் எவ்வளவு உறுதியான விளைவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே இது அவருடைய ஆண்மையைப் பற்றிய தீர்ப்பு இல்லை, அவருக்கு உங்கள்மேல் ஆசை இல்லை என்பதும் இல்லை. இதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள். டாக்டர் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

பராக்ஸெட்டினில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆரோக்கியமான 35 ஆண்களுக்கு ஐந்து வாரம் இதைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. விந்தணுக்களின் எண்ணிக்கை, வேகம், வடிவம் எதுவும் மாறவில்லை. ஆனால் அவற்றுக்குள் இருக்கும் டி.என்.ஏ. சிதைவு சராசரியாக 13.8 சதவீதத்திலிருந்து 30.3 சதவீதமாக ஏறியிருந்தது. சிறிய ஆய்வு, அவர்களுக்குக் குழந்தை பிறந்ததா இல்லையா என்று அதில் பார்க்கவில்லை. அதனால் பராக்ஸெட்டின் சாப்பிட்டால் குழந்தை பிறக்காது என்று நினைத்துவிட வேண்டாம், சாப்பிட்டுக்கொண்டே அப்பா ஆனவர்கள் ஏராளம். ஆனால் வழக்கமான விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இந்தச் சிதைவு தெரியாது. எல்லாம் நார்மல் என்று வந்தும் மாதக்கணக்கில் கரு உண்டாகவில்லை என்றால் மருந்தை மாற்றிப் பார்ப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

அவரும் சட்டென்று நிறுத்தக்கூடாது. பராக்ஸெட்டினைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, எரிச்சல், தூக்கமின்மை என்று ஒரு வாரம் வீட்டையே புரட்டிப் போட்டுவிடும். படிப்படியாக, வாரக்கணக்கில் குறைக்க வேண்டும். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, இப்போது பதற்றம் அடங்கியிருக்கிறதா, இந்த மாத்திரை இன்னும் தேவைதானா என்பதையே அவருடைய மருத்துவர் முதலில் பார்க்கலாம். தேவை என்றால் மிர்ட்டசாபின் போல இந்தத் தொல்லை குறைவாக உள்ள மருந்துக்குப் போகலாம். சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சையைப் பதற்றத்துக்கு நான் எப்போதும் சிபாரிசு செய்வேன். விந்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாததே பெரிய வசதி. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். எனவே மருந்து மாற்றிய பத்தாவது நாளே டெஸ்ட் எடுத்துவிட்டு ஏமாறாதீர்கள், மூன்று மாதம் விட்டுப் பாருங்கள். சாம்பிளை வீட்டிலேயே எடுத்துக் கொடுக்க முடியுமா என்று மையத்தில் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூட்டோடு லேபுக்குப் போய்ச் சேர வேண்டும், முன்னால் இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளியும் வேண்டும். வழியில் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னல் இருந்தால் இந்த யோசனையை மறந்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்வியில் இது இல்லை. சோடியம் வால்ப்ரோயேட் என்ற மருந்து இருக்கிறது. இருதுருவ மனநோய்க்கும் வலிப்புக்கும் சிலசமயம் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுப்பது. வால்பரின், என்கோரேட் என்ற பெயர்களில் வரும். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு நான் மிகவும் பயப்படும் மனநல மருந்து இதுதான். எடை கூடி, மாதவிலக்கு ஒழுங்கு தவறி, சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினையைக் கொண்டுவரும். அதைவிடக் கர்ப்ப காலத்தில் எடுத்தால் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு, 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சி, படிப்பு, பேச்சில் பின்னடைவு. ஆண்களுக்கும் விந்தணு எண்ணிக்கையும் வேகமும் குறையலாம். கருத்தரிப்பதற்கு முந்தைய மூன்று மாதங்களில் அப்பா இதைச் சாப்பிட்டிருந்தாலும் குழந்தையின் வளர்ச்சியில் சிறிய ஆபத்து இருக்கலாம் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024-இல் எச்சரித்தது. அதே வருடம் ஜனவரியிலிருந்து பிரிட்டனில் 55 வயதுக்குட்பட்ட ஆணோ பெண்ணோ யாருக்கும் இரண்டு நிபுணர்கள் ஒப்புக்கொண்டால் ஒழியப் புதிதாக இதை ஆரம்பிக்க முடியாது. நம் ஊரிலோ கல்யாணத்துக்கு நிச்சயமான பெண்கள்கூட எந்தக் கேள்வியும் கேட்கப்படாமல் இதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாப்பிடுபவர்கள் நிறுத்தாமல், ஆனால் அடுத்த வாரமே டாக்டரைப் பாருங்கள். லித்தியம், லாமோட்ரிஜின் போன்ற மற்ற மனநல மருந்துகள் பெண்ணின் கருத்தரிக்கும் திறனைப் பெரிதாகத் தொடுவதில்லை. லித்தியம் சாப்பிடுபவர்கள் தைராய்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கர்ப்பம் என்று தெரிந்ததும் ரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி சோதிக்க வேண்டும். ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைட் சாப்பிடும் ஆண்களுக்கும் ப்ரோலாக்டின் ஏறி ஆசை குறையும், சிலருக்கு மார்பு பெரிதாகும். வெட்கப்பட்டு மாத்திரையை ரகசியமாக விட்டுவிடும் பிள்ளைகள் அதிகம்.

ஐ.வி.எஃப். பற்றி ஒரே வரிதான். முட்டை வெளிவராததற்குக் காரணம் ஒரு மாத்திரை என்றால், அதைச் சரிசெய்து பார்க்காமல் லட்சக்கணக்கில் பணம் கட்டாதீர்கள். பிறகும் தேவைப்பட்டால் செய்துகொள்ளலாம், மனநல மருந்து சாப்பிடுவதால் அது முடியாது என்பது இல்லை. முட்டை வளர்க்கப் போடும் ஹார்மோன் ஊசிகள் மனநிலையை ஆட்டலாம் என்பதால் அப்போது உங்கள் இரு மருத்துவர்களும் பேசிக்கொள்ள வேண்டும்.

குழந்தைக்கு வருமா என்று கேட்டீர்கள். பொதுவாக மக்களில் 100-இல் ஒருவருக்கு ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் வரலாம் என்றால், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் சுமார் 10 பேரில் ஒருவருக்கு வரலாம். மீதி ஒன்பது பேருக்கு வராது. உங்களுக்கு வந்தது சரியாக அந்த நோய்தானா என்பதும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், குரல் கேட்பதெல்லாம் ஸ்கிசோஃப்ரினியா ஆகிவிடாது. ரிஸ்பெரிடோன் சாப்பிடுவதால் நோய் குழந்தைக்குப் போகாது, அது மரபணு வழியாக வரும் சாத்தியம் மட்டுமே.

மாமியார். மூன்று வருடமாக ‘ஏதாவது விசேஷம் உண்டா’ என்று சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விக்கு அவரும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருப்பார், அவர் கூட வருவதன் பின்னால் அக்கறைதான் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மனநல விவரத்தை அவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்குக் கிடையாது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் நோய் விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தந்திருக்கிறது, உங்களுக்குச் சிகிச்சை அளிப்பவர் அதை வீட்டாரிடம் போட்டு உடைக்க முடியாது. குழந்தையின்மை மருத்துவரிடம் மறைப்பதுதான் ஆபத்து. அடுத்த முறை போகும்போது உள்ளே பரிசோதனைக்கு அழைக்கும் நேரம் உங்களுடையது, மாமியார் வெளியே இருப்பார். நீங்கள் இருவரும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு, எத்தனை வருடம் என்பதை ஒரு தாளில் எழுதி, வாயு மாத்திரை உட்பட, டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள். ‘இதை வெளியே பேச வேண்டாம், ஃபைலின் மேல் அட்டையில் எழுத வேண்டாம்’ என்று சொல்லுங்கள். ரிசப்ஷனில் மட்டும் கொடுக்காதீர்கள்.

உங்கள் மனநல மருத்துவர் ஊரில் இருந்து, பழைய சீட்டைக் காட்டியே மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இங்கே ஒருவரைப் பார்ப்பதற்கு இதுதான் நேரம். ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற அரசு மனநல மருத்துவமனை உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரம் இல்லை. கர்ப்பத்துக்கு முன்னும் பின்னும் பெண்களின் மனநலத்தைப் பார்ப்பதற்கென்றே அங்கே தனிப் பிரிவும், தாயையும் சேயையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வார்டும் இருக்கின்றன. தமிழில் பேசினால் புரிந்துகொள்ளும் ஆட்களுக்குக் குறைவில்லை. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். அவசரமாகப் பேச வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

கடைசியாகப் பிரசவத்தைப் பற்றி, இப்போதே எதற்கு என்று நினைக்காதீர்கள். உங்களைப் போன்றவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து கர்ப்பத்தைவிடப் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில்தான் அதிகம், அதற்கு முக்கியமான காரணம் தூக்கம் கெடுவது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிருஷ்ணகிரி போவதுதான் வழக்கம். உங்களைப் பார்க்கும் மனநல மருத்துவரோ பெங்களூரில் இருப்பார். முடிந்தால் இந்தத் தடவை அம்மாவை விவேக் நகருக்கு வரச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிப் பாலை யார் கொடுப்பது என்பதை அம்மாவும் கணவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளட்டும், உங்களுக்கு ஒரே மூச்சில் ஐந்தாறு மணி நேரத் தூக்கம் வேண்டும். அரிப்பிப்ரசோல் ப்ரோலாக்டினை இறக்கும் மருந்து என்றேன் இல்லையா, அது சிலருக்குத் தாய்ப்பாலையும் குறைத்துவிடும். பால் போதவில்லை என்றால் பவுடர் பால் கொடுக்கலாம், மாத்திரையை விட வேண்டாம். ‘பால் ஏன் குறைவு’ என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்பதையும் நீங்கள் இருவரும் இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், நிச்சயம் கேட்பார்கள்.